தாத்தா ஏன் பதினொன்றோடு நிறுத்தினார்? ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) பற்றி ஒரு கேள்வி

பாகான்_டாலாம்_பேத்தி (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா 1995-இல் காலமானார். மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே கண்ணை மூடியவர். இந்தி தெரியாது. வீட்டில் யாராவது இந்திப் பாட்டு வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆனால் பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் பதினான்கு பேரும் அங்கே கூடும்போது, விளக்கை அணைப்பதற்கு முன் பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் எங்களை இந்தியில் எண்ணுவார். வாசலிலிருந்து ஏழாவதாகப் படுப்பது நான். என் முறை வரும்போது "ஆட்" என்பார். உடனே அண்ணன்மார் "ஆடு, ஆடு" என்று கத்துவார்கள், நான் அழுவேன். எண்ணிக்கை "க்யாரா" என்ற சொல்லோடு நின்றுவிடும். மீதிப் பிள்ளைகள் "தாத்தா, எங்களை எண்ணவில்லையே" என்று எழுந்து உட்கார்ந்தாலும் கவனிக்கமாட்டார். "ஹாசிர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவார். பள்ளியில் வருகைப் பதிவின்போது "ஹாடிர்" என்போமே, அதைத்தான் தாத்தா பிழையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் அம்மாவின் பழைய இரும்புப் பெட்டியை ஒழித்தபோது ஒரு பால்டின்னுக்குள் இந்திய வரைபடம் பொறித்த சிறு பித்தளை வில்லை கிடைத்தது. அதோடு ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு ஒன்று. தாத்தா பர்மாவுக்குப் போய்வந்தவர் என்று பாட்டி ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அவர் விரும்பிப் போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா? அங்கே என்ன பார்த்திருப்பார்? பதினொன்று என்ன கணக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்_தேனீ (ஜார்ஜ்டவுன்)

சகோதரி, அந்த வில்லை, ஜப்பானியர் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தினுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வரைபடத்தைச் சுற்றி எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்றும் இந்துஸ்தானிச் சொற்களில் இருக்கும். உப்பு, புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

மொழிக்குக் காரணம் எளிது. பஞ்சாபியும் தமிழரும் மலையாளியும் ஒரே வரிசையில் நின்ற படை அது. கட்டளைகள் அனைத்தும் இந்துஸ்தானியில். கற்றுக்கொடுத்தது ரோமன் எழுத்தில். "ஹாசிர்" என்றால் "இருக்கிறேன்" என்று பொருள். மலாயின் "ஹாடிர்" அதே அரபுச் சொல்லிலிருந்து வந்த உறவு, ஆகவே நீங்கள் நினைத்ததும் முழுப் பிழையில்லை. "க்யாரா" பதினொன்று. "ஆட்" என்றால் எட்டு. நீங்கள் ஏழாவதாகப் படுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்கோ ஒன்று கூடுகிறது.

தேடுவதற்கு: புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் அந்தப் படையில் இருந்தவர்களின் நேர்காணல்களைக் கேட்கலாம். 2016 முதல் இந்திய அரசு வெளியிட்ட நேதாஜி கோப்புகளில் நேரத்தைச் செலவழிக்கவேண்டாம். அவை பெரும்பாலும் அவருடைய மறைவைச் சுற்றியவை, சிப்பாய்களைத் தேட உதவாது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் ஐம்பது பேர் வருவார்கள். தகப்பனார் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்_ஆசிரியர் (கோலாலம்பூர்)

அம்மா, உங்கள் கேள்வியை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. என் அப்பாவும் அந்தப் படையில் இருந்தவர்தான். எனக்கு 71 வயது, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா 1988-இல் போனார். கடைசி இரண்டு வருடங்களில்தான் வாய் திறந்தார், அதுவும் கோர்வையாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வரி வரும். அடுத்த வரி வர ஒரு மாதம் ஆகும். நான் ஒரு பள்ளி நோட்டில் குறித்துவைத்தேன்.

"விரும்பிப் போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா" என்று கேட்டீர்கள். இதே கேள்வியை நானும் அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் 1943-இல் தோட்டம் எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கினார். கிள்ளான் பக்கம் அவர்கள் தோட்டம். ரப்பர் வாங்க ஆள் இல்லை, மரம் வெட்டு நின்றுபோனது. அரிசி இல்லை; காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கு. கட்டத் துணி இல்லாமல் கோணிச் சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் கேட்டு வந்தார்கள். பெயர்ப் பட்டியல் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) கையில். அப்பாவின் அண்ணன் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அடுத்த பட்டியல் வருவதற்குள் நேதாஜி மலாயாவுக்கு வந்துவிட்டார்.

இதற்கு முன்பும் ஒரு ஐ.என்.ஏ. இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஃபாரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து மோகன் சிங் திரட்டிய படை அது. அந்த வருடம் டிசம்பரிலேயே கலைந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்ற பிறகு.

அவர் கோலாலம்பூரில் பேசிய கூட்டத்துக்கு அப்பா நடந்தே போனார். அவர் இந்துஸ்தானியில் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்ல, பெண்கள் தோட்டையும் வளையலையும் கழற்றி மேடைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்களாம். "என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, பெயரைக் கொடுத்தேன்" என்றார் அப்பா. பயமா, பசியா, பற்றா என்று நான் பிரித்துக் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வயதில் எல்லாம் ஒரே வயிற்றில்தான் இருந்தது என்றார்.

ஒன்றை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்கும்போது கங்காணி பெயர் கூப்பிடுவார், துரைக்குச் சலாம் வைக்கவேண்டும், துரை நாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். படையில் சேர்ந்த முதல் வாரம் அப்பா ஓர் அதிகாரிக்கு சல்யூட் வைத்தார். அந்த மனிதர் நின்று, நிமிர்ந்து, "ஜெய் ஹிந்த்" என்று சொல்லித் திருப்பி சல்யூட் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று அப்பா சொன்னபோது அவருக்கு 63 வயது, கண் கலங்கியிருந்தது.

இனி பர்மா. இம்பால் போர் 1944 மார்ச்சில் தொடங்கியது. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் கொடி ஏற்றினார்கள். ஜூலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழை, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி. குண்டில் செத்தவர்களைவிட இவற்றில் செத்தவர்கள் அதிகம் என்றார் அப்பா. அவர் அந்தப் போரில் இல்லை. மேமியோ மருத்துவமனைக்குத் திரும்பி வந்தவர்களைத் தூக்கி இறக்கிய வேலை அவருக்கு. "பெரிய பெரிய பஞ்சாபிகள், சின்னப் பையன்மாதிரி எடை இல்லாமல் இருந்தார்கள்" என்று என் நோட்டில் இருக்கிறது.

அவர் சண்டை பார்த்தது 1945 பிப்ரவரியில், ஐராவதி ஆற்றங்கரையில், நியாங்கு என்ற இடத்தில். தில்லான் என்ற அதிகாரியின் தலைமையில் ஐ.என்.ஏ.வின் நேரு பிரிகேட். அதில் மலாயாத் தமிழர்கள் நிறைய. எதிர்க்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தது எந்தப் படை தெரியுமா? பிரிட்டிஷாரின் ஏழாவது இந்திய டிவிஷன். படகுகளில் சில எஞ்சின் நின்றுபோய் நீரோட்டத்தில் இவர்களின் துப்பாக்கிக்கு முன்னாலேயே மிதந்து வந்தன. அப்பா சுட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பீரங்கியும் விமானமும் வந்தபிறகு இவர்களிடம் இருந்தது ஒன்றுமில்லை. வெள்ளைக் கொடி காட்டியவர்கள் பலர், மீதிப்பேர் போப்பா மலைப்பக்கம் பின்வாங்கினார்கள்.

அம்மா, உங்கள் பதினொன்று இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு செக்‌ஷன் என்றால் பத்து, பன்னிரண்டு பேர். பகலில் விமானம் பார்த்துவிடும் என்று இரவில்தான் நடந்தார்கள். விளக்கு கிடையாது. முன்னால் போகிறவனின் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. நிற்கும் இடத்தில் எல்லாம் தாழ்ந்த குரலில் எண்ணுவது, ஏக், தோ, தீன் என்று ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லவேண்டும். இடையில் ஓர் எண் வராவிட்டால் என்ன செய்வீர்கள், திரும்பிப் போய்த் தேடுவீர்களா என்று கேட்டேன். "சில நேரம் தேடினோம்" என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவருடைய செக்‌ஷன் ஒன்பதில் தொடங்கி நான்கில் முடிந்தது.

பிடிபட்டபோது அவரைச் சோதனை போட்டவர் பிரிட்டிஷாரின் இந்திய ராணுவத்தில் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். தமிழர். சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, "எந்த ஊர்?" என்று கேட்டாராம். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைத் தன் தகப்பனார் வாயால் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினாரோ அதை அவர் கண்ணால் கண்டதில்லை. "கிள்ளான்" என்றார். அந்தச் சாப்பருக்குக் கிள்ளான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ரங்கூன் சிறை, பிறகு 1946-இல் கப்பலில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்). பழைய தோட்டத்தில் பழைய நிரை மரங்களையே திரும்பக் கொடுத்தார்கள். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்ததும் என் ஆயா அப்பாவின் கால்சட்டை, தொப்பி, காகிதம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். உங்கள் தாத்தா அந்த வில்லையை டின்னில் போட்டு மறைத்துவைத்திருந்தது பெரிய காரியம். அதை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

2014-இல் ரங்கூனுக்கு வெளியே தௌக்கியான் போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள், எல்லாம் பிரிட்டிஷ் பக்கம் போரிட்டவர்கள். அவற்றில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, நின்று படித்தேன். அவர்களும் யார் பெற்ற பிள்ளைகளோ. அப்பாவின் செக்‌ஷனில் திரும்பாத அந்த ஐந்து பேரின் பெயர்கள் என் பள்ளி நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

சயாம்_பேரன் (கெப்போங்)

ஐயாவின் எழுத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் நெஞ்சு அடைக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும். என் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்கள். 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது. எங்கள் ஆட்களைக் குழியில் தள்ளினார்கள், காலராக் கொட்டகைகளைக் கொளுத்தினார்கள். மூவரில் ஒருவர்கூட வரவில்லை. பாட்டி 26 வயதில் தாலி அறுத்தார்.

அந்த ஜப்பானியரோடு கைகோத்து நின்றது ஐ.என்.ஏ. நேதாஜியின் படத்தை யாராவது மாட்டியிருந்தால் பாட்டி அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். உங்கள் அப்பாக்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படைக்கு ஒரு விளக்கு ஏற்ற முடியாது, அவ்வளவுதான்.

செந்தூல்_ஆசிரியர் (கோலாலம்பூர்)

தம்பி, உங்கள் பாட்டியின் கோபம் நியாயமானது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். மேலே ஒன்றை எழுதத் தயங்கி விட்டுவிட்டேன். உங்களுக்காக எழுதுகிறேன்.

அப்பாவின் படையைப் பர்மாவுக்குக் கொண்டுபோனது அந்த ரயில் பாதையில்தான். மூடிய சரக்குப் பெட்டி. பகலில் காட்டுக்குள் நிற்கும், இரவில் நகரும். ஒரு நாள் பிற்பகல் நின்ற இடத்தில் பாதைக்கு ஓரம் தமிழர்கள் கல் அடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு கந்தல். காலில் முழங்கால்வரை புண், அதில் வாழையிலைச் சருகைச் சுற்றியிருந்தார்கள். பெட்டியில் தமிழ்க்குரல் கேட்டதும் ஒருவர் ஓடிவந்து, "எந்தத் தோட்டம்? எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். உள்ளேயிருந்து ஆளுக்கு ஒரு தோட்டத்தின் பெயரைக் கத்தினார்கள். கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை வீசினார்கள். ஜப்பானியக் காவலாளி கம்போடு வந்து அவர்களை விரட்டினான். அப்பா ஒவ்வொரு முகமாகத் தன் அண்ணனைத் தேடினார். ரயில் நகர்ந்துவிட்டது.

ஜப்பானியன் கொடுத்த துப்பாக்கி தன் மடியில் இருந்தது என்று அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயர்_ஈத்தாம்_அக்கா (பினாங்கு)

நான் இரண்டு பக்கமும் கேட்டு வளர்ந்தவள். என் அம்மா ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தார். 17 வயது. நேதாஜியின் தற்காலிக அரசு 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது, மறுநாளே பெண்கள் முகாம் திறந்தார்கள். டாக்டர் லட்சுமி தலைமை. எங்கள் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் அடுத்த பொறுப்பில். அம்மா இருவரையும் "கேப்டன்" என்றுதான் கடைசிவரை சொல்வார், பெயரைச் சொல்லமாட்டார்.

இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியை முகாமில் வெட்டிக்கொண்டார். துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் மோதி மோதிக் கன்றிப்போன இடத்தை நான் சிறுவயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். போர் முனைக்கு அனுப்பவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. 1945 ஏப்ரல் 24 இரவு நேதாஜி ரங்கூனைவிட்டுக் கிளம்பியபோது ராணிப் படைப் பெண்களையும் உடன் அழைத்துக்கொண்டு கிளம்பினார். சேறும் ஆறும் கடந்து பாங்காக்வரை. பெரும்பகுதி நடை, அதுவும் இரவில். ரங்கூனில் ஒழுங்கைக் காக்க நம்மவரான ஐ.என்.ஏ. அதிகாரி ஏ. டி. லோகநாதனிடம் ஆறாயிரம் பேர்போல ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அம்மாவின் பூட்ஸ் பிய்ந்து, சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஊருக்கு வந்தால் வேறு போர். ஆண்களோடு காட்டில் திரிந்த பெண் என்று பேசினார்கள். நான்கு வரன்கள் திரும்பிப் போயின. ஐந்தாவதாக வந்தவர் என் அப்பா, அவரும் அந்தப் படையில் இருந்தவர்.

1945 ஜூலை 8-இல் நேதாஜி சிங்கப்பூரில் ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் வைத்தார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் அதே இடத்தில் ஒரு பலகை வைத்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் நின்று அந்தப் பலகையை முந்தானையால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தங்கச்சி, ஒன்று கேட்கவேண்டும். உங்கள் தாத்தா கள்ளுக்கடைக்கு எதிராக ஏதாவது செய்தாரா? படையிலிருந்து திரும்பியவர்கள் பலர் கெடா தோட்டங்களில் தொண்டர் படையாகச் சேர்ந்து, காக்கி உடுத்திப் பயிற்சி எடுத்து, கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். 1947-இல் கெடா தோட்டங்களில் போலீஸோடு மோதல் நடந்து ஆள் செத்ததும் உண்டு. நிபோங் திபால் அங்கிருந்து வெகுதூரம் இல்லையே. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே கேளுங்கள். நான் அம்மாவிடம் கேட்காமல் விட்டவை என் தலையணைக்குக் கீழே கிடக்கின்றன.

பாகான்_டாலாம்_பேத்தி (பட்டர்வொர்த்)

எல்லோருக்கும் நன்றி. கெப்போங் அண்ணா, உங்கள் பாட்டியைப் பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி. அக்கா, சனிக்கிழமை ஃபெரி ஏறி அந்த வில்லையோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் சொல்லைக் கேட்டு நேற்று சுங்கைப் பட்டாணிக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்தேன். 78 வயது, ஞாபகம் நன்றாக இருக்கிறது. தாத்தா கள்ளைத் தொட்டதில்லை. கள்ளுக்கடை வாசலில் நின்று ஒருமுறை மண்டை உடைந்து வந்தாராம். நெற்றியில் இருந்த அந்தத் தழும்பை நாங்கள் மரம் விழுந்தது என்று நினைத்திருந்தோம். பாட்டிதான் அப்படிச் சொல்லிவைத்தார்.

பிறகு எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டேன். செந்தூல் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தார். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதும் தாத்தா அப்படித்தான் எண்ணுவாராம். அப்போது வீட்டில் ஆறு பிள்ளைகள்தான். ஆறு பேருக்குப் பிறகும் வெறும் சுவரைப் பார்த்துப் பதினொன்றுவரை எண்ணிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாராம். பெரியப்பா சுவரைக் காட்டி "அங்கே யார் அப்பா?" என்று கேட்டு ஒருமுறை அறை வாங்கியிருக்கிறார். தாத்தா பிள்ளைகளை அடித்தது அந்த ஒரு தடவைதான் என்றார்.

நூலகத் தேனீ அண்ணா, உங்கள் கணக்குக்கும் விடை கிடைத்தது. வாசலோரம் படுத்திருந்த பெரிய அண்ணனிலிருந்துதான் தாத்தா தொடங்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பெரியப்பா எழுந்து நின்று செய்து காட்டினார். தாத்தா முதலில் தன் நெஞ்சில் கையை வைத்து "ஏக்" என்பாராம். பிறகுதான் எங்கள் பக்கம் கை நீளும்.